எஞ்சின் ஃபிட்டரும் என் ஐஸ் பெட்டியும்

பாகலூர் போகிற வழியில் ஒரு பண்ணை வீட்டில் ஒன்றரை வருஷம் வேலை பார்த்தேன். சொந்த ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு எந்த ஊரிலும் நான் அவ்வளவு நாள் தங்கியதில்லை. சம்பளத்துக்காகத் தங்கவில்லை, சாப்பாட்டுக்காகவும் தங்கவில்லை. ஒரு ஐஸ் பெட்டிக்காகத் தங்கினேன்.

அந்தப் பக்கம் அப்போது கரண்ட் கிடையாது. கரண்ட் இல்லாமல் ஐஸ் பெட்டியா என்று இன்றைக்குச் சொன்னால் கேட்கிறார்கள். அது சீமெண்ணெயில் ஓடுகிற பெட்டி. ஆள் உயரத்துக்கு வெள்ளை பீரோ மாதிரி நிற்கும். அடியில் ஒரு தகர டாங்கி, அதன் மேல் வட்டத் திரி போட்ட பர்னர். திரி எரிகிற சூடு பின்பக்கத்துக் குழாய் வழியாக மேலே ஏறும். அந்தச் சூட்டினால்தான் உள்ளே குளிர் உண்டாகிறது. நெருப்பு எப்படிக் குளிரைக் கொடுக்கும் என்பது எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் முழுசாகத் தெரியாது. அரூரில் ஐந்தாம் வகுப்பை முடிக்காமல் கிளம்பியவன் நான். ஆனால் அந்தத் திரி நீலமாக எரிந்தால் பெட்டி குளிரும், மஞ்சளாக எரிந்தால் குளிராது என்பது தெரியும். அந்த வீட்டில் அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

வீட்டு எஜமானுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் பாகலூரிலிருந்து கம்பவுண்டர் சைக்கிளில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். மருந்து மாதத்துக்கு ஒரு தடவை பெங்களூரிலிருந்து சின்னச் சின்ன சீசாக்களில் வரும். அதைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதலில் மண்பானைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரனின் சாமான்கள் பெங்களூர் கண்டோன்மெண்டில் ஏலத்துக்கு வந்தபோது எஜமான் இந்தப் பெட்டியை எடுத்து லாரியில் ஏற்றி வந்துவிட்டார். இறக்கி வைத்த பிறகுதான் அதைப் பற்றவைக்க ஒருவருக்கும் தெரியாது என்பது தெரிந்தது.

நான் அப்போது அவர் தோட்டத்தில் மல்பெரி இலை பறித்துக்கொண்டிருந்தேன். படுக்கை மாட்டுக்கொட்டகையில். பெட்டியைச் சுற்றி நின்றவர்களின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் பாத்திரம் கழுவியபோது இதே ஜாதிப் பெட்டியைப் பார்த்திருக்கிறேன். அங்கே பட்லர் திரி கத்தரிப்பதைப் பார்த்துப் பார்த்து, அவன் இல்லாத நேரத்தில் நானே செய்திருக்கிறேன். "நான் பத்த வெக்கறேனுங்க" என்றேன். மறுநாள் காலையில் உள்ளே வைத்திருந்த தட்டுத் தண்ணீர் கல்லாக இருந்தது.

அன்றிலிருந்து மல்பெரிக்கு நான் போகவில்லை. கொட்டகையிலிருந்து சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறைக்கு என் சாக்குப் படுக்கை மாறியது. காலையும் மாலையும் ஒரு சவரக் கண்ணாடியை பர்னருக்கு அடியில் நீட்டிச் சுடரைப் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை திரியைச் சீர் செய்வது, டாங்கியில் எண்ணெய் குறையாமல் ஊற்றுவது, இவைதான் வேலை. நேரம் மிச்சமிருந்தால் மாட்டுக்குத் தீனி. பேரிகையிலிருந்தும் கெலமங்கலத்திலிருந்தும் எஜமானின் உறவுக்காரர்கள் வருவார்கள். "கதவைத் தெறப்பா" என்பார். நான் திறப்பேன். ஒரு துண்டு ஐஸை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைப்பேன். பெரிய மீசை வைத்தவர்கள்கூடக் கையை உதறிக்கொண்டு சிரிப்பார்கள். டாங்கியை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று நான் சொல்லி வைத்திருந்தேன். தொட்டால் வெடித்துவிடும் என்றும் சேர்த்துக்கொண்டேன். பண்ணை ஆட்கள் எனக்கு ஐஸ் பூசாரி என்று பேர் வைத்தார்கள். "பூசாரி, சாமி இன்னிக்கு குளுந்துதா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் கலப்பையை எடுப்பார்கள்.

எனக்கு அது பிடித்திருந்தது. அதற்கு முன் கோலாரில் சுரங்க வாசலில் ஆறு மாதம் தள்ளுவண்டி தள்ளினேன். அங்கே எனக்கு ஒரு நம்பர் இருந்தது. லாரியில் கிளீனராக இருந்தபோது டேய் என்பது பேர். பூசாரி என்பது கேலிதான். ஆனாலும் ஒரு காரியத்தை வைத்து என்னைக் கூப்பிட்டது அந்த வீட்டில்தான்.

மாசி மாதத்தில் எஜமான் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வாங்கினார். அதைப் பூட்டி ஓடவிட்டு, ஆட்களுக்குப் பழக்கிவிட்டுப் போக கம்பெனியிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தான். பத்து நாள் வேலை என்றார்கள். கிணறு முழுக்கப் பாறை. எஞ்சினுக்கு மேடை வெட்டவே ஒரு மாதம் பிடித்தது. அவன் தங்கிவிட்டான்.

என் வயதுதான் இருக்கும். அரைக்கால் நிஜார், கையில் கடிகாரம், சட்டைப் பையில் பேனா. அந்தப் பேனாவால் அவன் ஒரு எழுத்து எழுதி நான் பார்த்ததில்லை. எஜமானிடம் கன்னடம் பேசுவான், வீட்டு அம்மாவிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ். எந்தப் பேச்சில் பேசினாலும் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். நானும் அந்த மூன்றையும் பேசுவேன். நான் பேசி யாரும் சிரித்ததில்லை. முதல் நாளே அவனுக்கு உள்ளே இலை போட்டார்கள். நான் சமையலறைப் பின்வாசலில் சாப்பிடுகிறவன். அம்மா அவனிடம், சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, பெங்களூரில் தாயார் சௌக்கியமா என்று கேட்பார். என்னிடம் அவர் அப்படிக் கேட்டதே இல்லை. தினம் அங்கேயே கிடக்கிறவனை என்ன கேட்பது என்பது பிறகு யோசித்தால் புரிகிறது. அப்போது புரியவில்லை.

மத்தியானத்தில் கிணற்றிலிருந்து வந்து ஐஸ் தண்ணீர் கேட்பான். நான்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டம்ளரை வாங்கி நெற்றியில் வைத்துத் தேய்த்துக்கொள்வான். பிறகு எண்ணெய்ப் பிசுக்குக் கையைக் கழுவக் கொஞ்சம் சீமெண்ணெய் கேட்பான். நான் ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவனே ஷெட்டுக்குப் போய் டின்னிலிருந்து சாய்த்துக்கொண்டான். எங்கள் சீமெண்ணெய் டின்னும், எஞ்சினுக்கு வந்த குரூடாயில் டிரம்மும் (டீசலை அப்போது அப்படித்தான் சொல்வோம்) அந்த ஒரே ஷெட்டில்தான் இருந்தன. அவன் சாய்த்துக்கொண்டதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

பங்குனியில் பெட்டி கெட ஆரம்பித்தது.

முதலில் வெண்ணெய் இளகியது. பிறகு ஐஸ் தட்டில் மேலே மட்டும் ஒரு தோல் படிந்து அடியில் தண்ணீராக இருந்தது. பிறகு அந்தத் தோலும் இல்லை. கண்ணாடியை நீட்டிப் பார்த்தேன். சுடர் ஒரு பக்கம் மஞ்சளாக நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சுவரில் கரி படிந்திருந்தது. திரியைக் கத்தரித்துத் திரும்ப ஏற்றினேன். ஒரு நாள் நீலமாக எரிந்தது. மறுநாள் மறுபடி மஞ்சள்.

பின்பக்கக் குழாய் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். தேங்காய் நாரைக் கம்பியில் கட்டி மேலிருந்து விட்டு இழுத்தேன். இரண்டு கை நிறைய கரி விழுந்தது. இரண்டு நாள் குளிர்ந்தது. பிறகு போயிற்று. கதவு ரப்பரில் காற்று போகிறதா என்று ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். கீழ் மூலையில் காகிதம் தடையில்லாமல் வந்தது. ரப்பரை வெந்நீர்த் துணியால் ஒற்றி அழுத்திச் சரி செய்தேன். அதனாலும் ஒன்றும் இல்லை. இந்த மாதிரிப் பெட்டி மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் குளிராது என்று ஏற்காட்டு பட்லர் சொல்வான். எல்லா வீட்டையும் போல அந்தச் சமையலறைத் தரையும் கழுவிவிட வசதியாக ஜலதாரைப் பக்கம் சரிந்திருந்தது. பெட்டி வந்த நாளிலேயே கல் பலகை வைத்து மட்டம் பார்த்தவன்தான் நான். மறுபடியும் தட்டில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மட்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பலகையை எடுத்துத் திரும்ப வைத்தேன். ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே.

ஒவ்வொரு தடவையும் இதற்காக பர்னரை அணைக்க வேண்டிவரும். அணைப்பதற்கு முன்னால் அம்மா ஒரு சின்னக் கைவிளக்கைக் கொண்டுவந்து, பர்னரிலிருந்து அதில் பற்றவைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அதை எடுத்து வந்து, இதிலிருந்தே ஏற்று என்று நீட்டுவார். தீக்குச்சி மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தினேன். ஏலத்தில் பெட்டியைத் தூக்கி வைத்த கூலியாள் ஒருவன், எதற்கும் மசியாவிட்டால் ஒரு நாள் கவிழ்த்து வை என்று எஜமானிடம் சொல்லி அனுப்பியிருந்தான். டாங்கியைக் கழற்றிவிட்டு மூன்று ஆட்களை வைத்துப் புரட்டினேன். ஊரே பார்க்க வந்தது. "பொட்டி யோகாசனம் பண்ணுதுடா" என்றான் ஏர்க்காரன் ஒருவன். ஃபிட்டர் வாசற்படியில் நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"ஏம்ப்பா பூசாரி, சாமி மலையேறிடுச்சா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அதே கேலியைப் பண்ணை ஆட்கள் செய்தால் எனக்கு ஒன்றும் இல்லை. அவன் வாயிலிருந்து வந்ததும் காது சுட்டது. அவன் கொஞ்சம் கீழே இறங்கி, வேண்டுமானால் நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டான். நீ கிணற்றைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

நிமிர்த்திப் புதுத் திரி போட்டு ஏற்றியதும் ஒன்றரை நாள் நன்றாகக் குளிர்ந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஒன்றரை நாளில் ஃபிட்டர் கேட்காமலேயே அவனுக்கு ஐஸ் தண்ணீர் கொண்டுபோனேன், பெரிய கட்டியாகப் போட்டு. பிறகு மறுபடி மஞ்சள்.

எஜமான் கோபப்படுகிற ஆள் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவருடைய கால் பெருவிரலில் ஒரு புண் மாசியிலிருந்தே ஆறாமல் இருந்தது. கம்பவுண்டர் தினமும் அதைப் பிரித்துப் பார்த்து உச்சுக் கொட்டுவார். மருந்து சீசாக்கள் பழையபடி மண்பானைக்குப் போயிருந்தன. இந்த வெயிலில் மருந்துக்கு வீரியம் போய்விட்டதோ என்னவோ என்று கம்பவுண்டர் என் காதில் விழும்படி சொன்னார். எஜமான் என்னைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை புது மருந்து வருது. அதுக்குள்ள ஆகலைன்னா ஃபிட்டரைப் பாக்கச் சொல்லிடலாம்ப்பா. உன் மேல ஒண்ணும் கொறை இல்ல."

வியாழக்கிழமை அதைச் சொன்னார். ஃபிட்டர் அந்தப் பெட்டியைத் தொட்டு, அது குளிர்ந்துவிட்டால், பிறகு நான் யார்? மல்பெரிக்கூடையும் மாட்டுக்கொட்டகையும்தான். கொட்டகையில் படுப்பது எனக்குப் புதிதில்லை. அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன். ஆனால் அவன் உள்ளே இலையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவனால் நான் கொட்டகைக்குப் போவதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மாட்டுக்குப் போன நேரம் தவிர, டாங்கியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். திரி, குழாய், கதவு, மட்டம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எண்ணெயை மட்டும் பார்க்கவில்லை. குறைந்த அளவுக்கு மேலே ஊற்றுவேனே தவிர, டாங்கியை அடியோடு காலி செய்ததே இல்லை. சனிக்கிழமை காலையில், எஜமானின் கஷாயம் வந்த பெரிய கண்ணாடி சீசா ஒன்றைக் கழுவிக் காயவைத்து, டாங்கியில் இருந்ததை அதில் கவிழ்த்தேன். கலங்கலாக விழுந்தது. சுவர் மேல் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். திரும்பி வரும்போது வெயில் சீசாவுக்குள் புகுந்து நின்றது. மேலே சீமெண்ணெய். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சளாக, கெட்டியாக வேறொன்று. நடுவில் கோடு போட்ட மாதிரி இருந்தது.

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. பெட்டி ஏன் கெட்டது என்று கண்டுபிடித்த சந்தோஷம் அதில் கால் பங்குகூட இல்லை. குரூடாயில் என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாக ஒன்று தோன்ற நான் இடம் கொடுக்கவில்லை. அவன் வந்த பிறகுதான் பெட்டி கெட்டது. ஷெட்டில் இரண்டையும் கையாளுகிறவன் அவன் ஒருவன். பெட்டியைக் கெடுத்துவிட்டு, தானே சரி செய்து பேர் வாங்கப் பார்க்கிறான். எல்லாம் பல் சக்கரம் மாதிரி ஒன்றோடொன்று பொருந்தியது. சீசாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தேன். ஓடவில்லை. மெதுவாகத்தான் நடந்தேன்.

எஜமான் குடை பிடித்துக்கொண்டு எஞ்சின் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். புண்ணுள்ள காலை ஒரு கல்லின் மேல் நீட்டியிருந்தார். ஃபிட்டர் எஞ்சினுக்கு அடியில் மண்டியிட்டிருந்தான். நான்கைந்து ஆட்கள் நின்றார்கள். அவர்கள் இருப்பது நல்லது என்று நினைத்தேன்.

"பாருங்க எஜமான். நம்ம சீமெண்ணெயில குரூடாயில் கலந்திருக்குதுங்க" என்றேன். "ஷெட்டுல ரெண்டையும் எடுக்கறது ஒரே ஆளுதாங்க."

ஃபிட்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தான். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சீசாவை என் கையிலிருந்து வாங்கினான். சூரியனுக்கு நேரே தூக்கிச் சாய்த்துப் பார்த்தான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எஜமான் கம்பெனிக்கு ஒரு வரி எழுதிப் போட்டா நாளைக்கு என் சீட்டு கிழிஞ்சிரும். தெரிஞ்சுதான் சொல்லறியா?" என்றான்.

"தெரிஞ்சுதான் சொல்லறேன்."

அவன் தன் சாப்பாட்டு மூட்டையிலிருந்து ஒரு சின்ன சீசாவை எடுத்து, அதிலிருந்த தண்ணீரைக் கொட்டித் துணியால் துடைத்தான். பக்கத்து ஷெட்டுக்குப் போய், டின்னிலிருந்து பாதி சீமெண்ணெய் ஊற்றி, அதன் மேல் டிரம்மிலிருந்து குரூடாயில் ஊற்றினான். மூடிக் குலுக்கி எஞ்சின் மேடை மேல் வைத்தான். எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு பீடி குடிக்கிற நேரம் ஆனது. சீசா முழுக்க ஒரே நிறம். கோடு எதுவும் இல்லை.

"இது ரெண்டும் ஒரு வயித்துப் புள்ளைங்க. சேந்தா பிரியாது" என்றான். "உன் சீசால இருக்கறது பிரிஞ்சு நிக்குது. அது எங்க பொருள் இல்ல."

ஒரு குச்சியை என் சீசாவின் அடிவரை விட்டு எடுத்தான். விரலில் தடவிக் கட்டைவிரலால் தேய்த்தான். முகர்ந்தான். பிறகு அந்த விரலை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"நீ அரூர்காரன்தானே. இன்னான்னு நீயே சொல்லு."

விளக்கெண்ணெய். சீமெண்ணெய் நாற்றத்துக்கு அடியில் அது தெளிவாக இருந்தது. எங்கள் ஊரில் மேட்டுக்காடு எல்லாம் ஆமணக்குதான். சனிக்கிழமை தவறாமல் தலையிலிருந்து கால் வரை அந்த எண்ணெயைத் தேய்த்து வெயிலில் உட்காரவைப்பார்கள். வயிறு கட்டினால் அதையே குடிக்கக் கொடுப்பார்கள். அந்தக் கெட்டியும் அந்த நிறமும் எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. காலையில் நான் சீசாவுக்குள் விரலே விடவில்லை. விட எனக்கு மனசில்லை.

"கொட்டமுத்து எண்ணெய்" என்றேன்.

ஆட்களில் ஒருவன், "டாங்கியைப் பூசாரியைத் தவிர யாரும் தொடறதில்லையே" என்றான். அவன் வம்புக்குச் சொல்லவில்லை, நடப்பைத்தான் சொன்னான். அந்தப் பேச்சை ஊர் முழுக்கப் பரப்பி வைத்தவன் நான்தான். எஜமான் என்னைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. ஃபிட்டர் மேல் பழி போட நானே எண்ணெயை ஊற்றிக்கொண்டேன் என்று. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.  

அப்போது ஃபிட்டர்தான் பேசினான். கன்னடத்தில் பேசினான். எனக்குப் புரியும் என்பது அவனுக்குத் தெரியும். இவன் ஊற்றியிருக்க மாட்டான் சாமி, என் மேல் இவனுக்கு ஆத்திரம் உண்டு, ஆனால் அந்தப் பெட்டியைக் கெடுக்க இவன் கை வராது, திரி, குழாய், ரப்பர், மட்டம் எல்லாம் முறையாகத்தான் பார்த்திருக்கிறான், நான் பார்த்திருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பேன் என்றான். சொல்லிவிட்டுத் திரும்ப எஞ்சினுக்கு அடியில் போய்விட்டான்.

பொய்ப் பழி போட்டவனுக்கு, பழியைச் சுமந்தவன் சாட்சி சொன்னான். அவன் ஒரு அறை விட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். இதற்கு என்ன திருப்பிக் கொடுப்பது?

எஜமான் சீசாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அம்மா சமையலறையில் புளி கரைத்துக்கொண்டிருந்தார். எஜமான் சீசாவை அவர் முன்னால் வைத்து, டாங்கியில் யாராவது விளக்கெண்ணெய் ஊற்றினார்களா என்று கேட்டார். அம்மா கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"நாந்தான் ஊத்தறேன். செவ்வாய், வெள்ளி, ஒரு கரண்டி" என்றார். ஒளிக்கிற தொனியே இல்லை.

பிறகு அவர் சொன்னதைத் தொகுத்துச் சொல்கிறேன். எஜமானுக்குக் காலில் புண் வந்ததும் அம்மா ஓசூர் மலைக்கோயிலுக்குப் போய், நாற்பத்தெட்டு நாள் அணையா விளக்கு வைப்பதாக வேண்டிக்கொண்டார். அந்த வீட்டில் காற்று சுழன்று அடிக்கும். ராத்திரி முழுக்க விளக்கைக் காக்க ஆள் இல்லை. யோசித்துப் பார்த்தபோது, ஏற்கெனவே அந்த வீட்டில் அணையாமல் எரிகிற விளக்கு ஒன்று இருந்தது. அதுவும் எஜமானின் மருந்துக்காகவே எரிகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளும் இருக்கிறான். ஆனால் வெறும் சீமெண்ணெயில் எரிகிற சுடரை சாமி ஏற்குமா? அதனால் செவ்வாயும் வெள்ளியும் நான் மாட்டுக்குப் போகிற நேரத்தில், டாங்கி மூடியைத் திறந்து நல்ல விளக்கெண்ணெய் ஒரு கரண்டி. வெடிக்கும் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நான் அணைத்த போதெல்லாம் கைவிளக்கில் சுடரை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுத்ததும் அதற்காகத்தான். விளக்கெண்ணெய் கனத்து அடியில் தங்கிவிட்டது. திரியின் நுனி அடியில்தான் இருக்கும். அதைத்தான் அது உறிஞ்சிக்கொண்டிருந்தது.

எஜமான் சிரிக்க ஆரம்பித்தார். பிறகு தன் காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இனி ஊற்ற வேண்டாம் என்றார். இன்னும் ஏழு நாள் இருக்கிறது, நிறுத்த மாட்டேன் என்றார் அம்மா. இருவரும் தெலுங்கில் கொஞ்ச நேரம் பேசினார்கள், குரலை உயர்த்தாமல். அந்தச் சுடரிலிருந்து ஒரு தனி விளக்கை ஏற்றிக் கண்ணாடிக் கூண்டுக்குள் பெட்டி மேல் வைத்துவிட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. சொல்லலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். அதற்குள், தண்ணீர் குடிக்க வந்த ஃபிட்டர் பின்வாசலில் நின்று அதையே சொல்லிவிட்டான். அம்மாவின் முகம் தெளிந்தது. "நல்ல யோசனைப்பா" என்றார் அவனிடம்.

டாங்கியைச் சோடா உப்பு போட்ட வெந்நீரில் மூன்று தடவை அலசினேன். வெயிலில் காயவைத்தேன். புதுத் திரி, புது எண்ணெய். அம்மாவின் கைவிளக்கிலிருந்து ஏற்றினேன். சுற்றிலும் ஒரே நீலம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தட்டில் ஐஸ் கட்டியது. திங்கட்கிழமை வந்த மருந்து நேராக உள்ளே போயிற்று. வைகாசிக்குள் புண்ணும் ஆறியது. மருந்தாலா வேண்டுதலாலா என்று அந்த வீட்டில் யாரும் விவாதிக்கவில்லை.

என் இடம் போகவில்லை. எஜமான் ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. ஃபிட்டரும் பழையபடி வந்து டம்ளரை நெற்றியில் தேய்த்துக்கொண்டான், பூசாரி என்றான். கிணற்றடியில் நடந்ததைப் பற்றி ஒரு நாளும் வாயெடுக்கவில்லை. வாயெடுத்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேனோ என்னவோ. அவன் பெருந்தன்மையாக இருக்க இருக்க எனக்கு அவன் மேல் எரிச்சல் கூடியது. எஞ்சின் ஓட ஆரம்பித்து, தண்ணீர் வாய்க்காலில் விழுந்த அன்று ஊரே கூடிக் கைதட்டியது. நான் சாமான் அறையில் திரி கத்தரித்துக்கொண்டிருந்தேன். அது ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.

அவன் போன பிறகு சரியாகிவிடும் என்று இருந்தேன். போனான். ஆனால் கதை போகவில்லை. உறவுக்காரர்கள் வந்தால் எஜமான் முன்போல் கதவைத் திறக்கச் சொல்வார். நான் ஐஸை எடுத்துக் கொடுப்பேன். உடனே அவர் விளக்கெண்ணெய்க் கதையைத் தொடங்கிவிடுவார். அதில் அம்மா வருவார், இரண்டு சீசா வரும், ஃபிட்டர் வருவான். நானும் வருவேன், சீசாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடக்கிற ஆளாக. எல்லோரும் என்னைப் பார்த்துப் பிரியமாகத்தான் சிரிப்பார்கள். "அந்த ஃபிட்டர் பையனுக்கு நல்ல மனசு" என்று முடிப்பார்கள். கையில் ஐஸ் உருகிச் சொட்ட நான் நின்றுகொண்டிருப்பேன். நான்கு தடவை கேட்டேன். ஐந்தாவது தடவைக்கு இருக்கக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் அம்மாவுக்குத் திரி கத்தரிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அவர் முதல் தடவை ஏற்றியபோதே சுடர் எந்தப் பக்கமும் நாக்கு நீட்டாமல் வட்டமாக, நீலமாக நின்றது. எனக்கு அது வர ஏற்காட்டில் ஒரு வாரம் பிடித்தது. அவர் மேலும் கொஞ்சம் பொறாமைப்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எஜமான் ஏன் என்று கேட்டார். ஒரு இடத்தில் இருந்து பழக்கமில்லைங்க என்றேன். அவர் அதை நம்பினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃபிட்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், பெங்களூருக்குப் போய் அவனைப் பார், அவன் கம்பெனியில் எடுபிடி வேலையாவது வாங்கிக் கொடுப்பான், உன்னைப் பற்றி நல்லதாகத்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான் என்றார். வேண்டாமுங்க என்றேன்.

ஓசூருக்கு மாட்டுவண்டியில் வந்து இறங்கினேன். அந்த வருஷம் வேலை என்று ஒன்று இருந்தால் அது பெங்களூரில்தான் இருந்தது. கிருஷ்ணகிரிப் பக்கம் மழை பொய்த்து ஆட்களே ஊரை விட்டு வந்துகொண்டிருந்தார்கள். பெங்களூர் பஸ் முதலில் வந்தது. காலி இடங்களோடு நின்றது. கண்டக்டர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினான். நான் வரவில்லை என்று தலையை ஆட்டிவிட்டேன். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.